பிபிடி 30% கிளாஸ்: பீஸ் பளபளன்னு இருக்கு, லாக் மட்டும் பட்டுன்னு உடையுது

சேதராப்பட்டு_120டன் (கேள்வி)

வணக்கம். மோட்டார் ஸ்டார்ட்டர் பேனலுக்குப் போற ஒரு கனெக்டர் ஹவுசிங். முன்னாடி நைலான் 66 பிளாஸ்டிக்ல, 30% கிளாஸ் (கண்ணாடி நார்) கலந்து ஓடுச்சு. மழைக்காலத்துல நைலான் ஊதி, டெர்மினல் நுழையிற குழி இறுகிடுதுன்னு கஸ்டமர் பிபிடிங்கற பிளாஸ்டிக்குக்கு மாத்தச் சொன்னாங்க. ஏப்ரல்ல இருந்து பிபிடி, 30% கிளாஸ், கறுப்பு. டை (அச்சு) அதேதான், நாலு கேவிட்டி (ஒரு அடிக்கு நாலு பீஸ்).

செப்டம்பர் வரைக்கும் புகாரே இல்ல. அக்டோபர் கடைசியில இருந்து மூடியை மாட்டும்போது லாக் (வளைஞ்சு மாட்டிக்கற கொக்கி) அடியோட உடையுது. 100 மாட்டினா 10, 12 போகுது. பார்வைக்கு ஒரு குறையும் இல்ல. வெள்ளிக்கோடு கிடையாது, குமிழி கிடையாது, முழுசா நிரம்புது.

செட்டிங்: ஷாட் (ஒரு அடிக்குப் போற பிளாஸ்டிக்) ரன்னரோட (பீஸுக்கு வழி விடற தண்டு) சேர்த்து 62 கிராம், சைக்கிள் 32 செகண்ட். மெஷின் ஷாட் கெப்பாசிட்டி 250 கிராம். பேரல் (பிளாஸ்டிக் உருகற குழாய்) பின்னால இருந்து 240, 250, 260, நாசில் 260. டைக்கு கூலிங் டவர் தண்ணிதான், மீட்டர் வச்சுப் பார்த்தா 40 டிகிரி. ஹாப்பர் டிரையர் (பிளாஸ்டிக் குருணையைக் கொட்டிக் காயவைக்கற தொட்டி) 25 கிலோ, சாதா ஹாட் ஏர், 80 டிகிரி, 2 மணி நேரம். ரன்னரை அரைச்சு 30% கலக்கறோம். இன்ஜெக்‌ஷன் பிரஷர் முன்ன 75ல இருந்தது, இப்ப 62லயே நிரம்பிடுது, அதுக்கு மேல வச்சா ஃபிளாஷ் (டை இடுக்குல பிதுங்குது).

லாக் 1.2 எம்எம் தடிமன், 9 எம்எம் நீளம், கொக்கி 0.8 எம்எம்.

சப்ளையர் கிளாஸைக் கூட்டிட்டாரோன்னு சந்தேகமா இருக்கு. கிரேடை மாத்தணுமா, டை சூட்டை ஏத்தணுமா, இல்ல பிபிடியே நைலான் அளவுக்குத் தாங்காதா?


வில்லியனூர்_ஷாப்ஃப்ளோர்

சப்ளையரை விடுங்க. பதிலை நீங்களே எழுதிட்டீங்க: "75ல இருந்தது, இப்ப 62லயே நிரம்புது." அதே டை, அதே சூடு, பிளாஸ்டிக் மட்டும் தண்ணியா ஓடுது. கிளாஸ் கூடியிருந்தா பிரஷர் ஏறியிருக்கும், இறங்காது. மெட்டீரியலோட மூலக்கூறு சங்கிலி பேரலுக்குள்ளயே அறுந்து வருது. காரணம் ஈரம்.

80 டிகிரி 2 மணி நேரம்ங்கறது நைலானுக்குப் பழகின கணக்கு. நைலானை அதுக்கு மேல சூடாக்கினா மஞ்சளாகும்னு பயந்து வச்ச அளவு. பிபிடிக்கு 120 டிகிரி, 4 மணி நேரம். பேரலுக்குள்ள போகும்போது ஈரம் 0.04%க்குக் கீழ இருந்தே ஆகணும், நிறைய டேட்டா ஷீட்ல 0.02%னே போட்டிருப்பாங்க. மூட்டையைப் பிரிச்சு ஒரு ராத்திரி வச்சாலே அதைத் தாண்டிடும்.

நைலான் ஈரமா போனா வெள்ளிக்கோடு போட்டு, நாசில்ல நுரைச்சு, கத்தி ஊரைக் கூட்டும். பிபிடி அப்படிக் காட்டிக்குடுக்காது. உள்ள போற தண்ணி நீராவியா வெளிய வராம பிளாஸ்டிக்கோட வேதிவினை பண்ணி செலவாயிடும். அதனால மேல் தோல் பளபளன்னு இருக்கும், உள்ள உயிர் இருக்காது. பீஸைப் பார்த்து பாஸ் போடற ஆளு இதுல ஏமாந்துதான் போவாரு.

முதல்ல பண்ண வேண்டியது: ஒரு புது மூட்டை, அரைச்ச ரன்னர் கலக்காம, ஓவன்ல தட்டுல 2 விரக்கடை உயரத்துக்கு மேல போகாம பரப்பி 120 டிகிரி 4 மணி நேரம். சூட்டோடயே ஹாப்பர்ல கொட்டி மூடி, 50 ஷாட் அடிங்க. முதல் 15 ஷாட்டைத் தள்ளிடுங்க, பேரல்ல இருக்கற பழசு அது. பாக்கியில பிரஷர் பழையபடி 70க்கு மேல கேட்குதான்னு பாருங்க. கேட்டா விஷயம் முடிஞ்சது.


கடலூர்_பாலிமர்

மேலே சொன்னது சரி. எவ்வளவு ஈரம் எவ்வளவு சேதம் செய்யும் என்பதைக் கணக்காகப் போட்டுக் காட்டினால் 0.02% என்ற எண்ணை யாரும் அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

பிபிடி என்பது பாலிபியூட்டிலீன் டெரிஃப்தாலேட். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்குக்குத் தம்பி முறை. பெட்டில் இரண்டு கார்பன் இருக்கும் இடத்தில் இதில் நான்கு. அந்த நெகிழ்வால் இது வேகமாகப் படிகமாகிறது, அதனால்தான் 30 செகண்ட் சைக்கிளில் ஓடுகிறது. சாதாரண பெட்டில் கிளாஸ் கலந்து இதே பீஸை அடிக்க வேண்டுமானால் டையை 130, 140 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பெட்டுக்கான காப்புரிமை 1941ஆம் ஆண்டுடையது, விண்ஃபீல்டும் டிக்ஸனும் இங்கிலாந்தில் வாங்கியது. பிபிடி மோல்டிங் கடைக்கு வந்தது 1970 வாக்கில்தான்.

இரண்டுக்கும் முதுகெலும்பு எஸ்டர் பிணைப்பு. உருகிய நிலையில் ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒரு எஸ்டர் பிணைப்பை வெட்டும். இப்போது கணக்கு. சராசரி மூலக்கூறு எடை 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் 0.04 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) சங்கிலி இருக்கிறது. ஈரம் 0.1% என்றால் கிலோவுக்கு 1 கிராம் தண்ணீர், அதாவது 0.055 மோல். வெட்டுக்கத்தியின் எண்ணிக்கை சங்கிலியின் எண்ணிக்கையை விட அதிகம். எல்லாத் தண்ணீரும் வினைபுரிந்தால் 25,000 என்பது 10,500க்கு இறங்கிவிடும். அதே கணக்கு 0.02% ஈரத்துக்குப் போட்டால் 19,600 மிஞ்சும். முதலாவது கண்ணாடி மாதிரி உடையும், இரண்டாவது டேட்டா ஷீட்டுக்கு அருகில் நிற்கும். ஒரு 25 கிலோ மூட்டைக்கு 0.02% என்பது 5 கிராம் தண்ணீர், ஒரு டீஸ்பூன்.

வெட்டுப்பட்ட நுனியில் அமிலக் குழு உருவாகும். அது அடுத்த வெட்டுக்கு ஊக்கி. அதனால்தான் அரைத்த ரன்னரை மறுபடி மறுபடி கலக்கும்போது சேதம் கூட்டல் கணக்கில் போகாமல் வட்டிக்கு வட்டி மாதிரி ஏறுகிறது.

அக்டோபர் முடிவில் தொடங்கியதற்கும் காரணம் சொல்லலாம். வடகிழக்குப் பருவமழையின்போது புதுச்சேரிக் காற்று 30 டிகிரி, 85% ஈரப்பதம் என்றால் அதன் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 27 டிகிரி அளவில் இருக்கும். சாதா ஹாட் ஏர் டிரையர் அந்தக் காற்றை அப்படியே இழுத்துச் சூடாக்கிக் குருணைமேல் ஊதுகிறது. காற்றில் உள்ள தண்ணீர் எங்கேயும் போகவில்லை. டீஹியூமிடிஃபையிங் டிரையர் (காற்றின் ஈரத்தை நீக்கிவிட்டு ஊதுவது) தரும் மைனஸ் 30 டிகிரி பனிநிலைக் காற்றில் நீராவி அழுத்தம் இதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். செப்டம்பர் வரை நீங்கள் தப்பித்தது விளிம்பில் நின்று தப்பித்ததுதான்.

கிளாஸ் பற்றிய சந்தேகத்தைத் தீர்ப்பது சுலபம். 5 கிராம் குருணையை மஃபிள் ஃபர்னஸில் (சோதனைக்கூட உலை) 600 டிகிரியில் முழுதாக எரியும் வரை வையுங்கள். 30% என்றால் சுமார் 1.5 கிராம் வெள்ளை நார் மிஞ்ச வேண்டும். ஈரத்தைச் சரிபார்க்க கார்ல் ஃபிஷர் முறைதான் (தண்ணீரை மட்டும் அளக்கும் வேதிச் சோதனை) நம்பகமானது. எடைக்குறைவு பார்க்கும் சாதா மாய்ஸ்ச்சர் பேலன்ஸ், தண்ணீரோடு ஆவியாகும் மற்றதையும் சேர்த்து எண்ணும். கண்ணாடி ஸ்லைடு இரண்டுக்கு நடுவில் குருணையை உருக்கிக் குமிழி பார்க்கும் வழக்கம் நிறமில்லாத, கிளாஸ் இல்லாத பொருளுக்குத்தான். கறுப்புக் கிளாஸ் கிரேடில் எதுவும் தெரியாது.

சங்கிலி அறுந்ததற்கு ஆதாரம் வேண்டுமானால் எம்எஃப்ஐ (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) பாருங்கள், 250 டிகிரி, 2.16 கிலோ. குருணை ஒன்று, உடைந்த பீஸை நறுக்கியது ஒன்று, இரண்டையும் நன்றாக உலர்த்திய பிறகு. நார் உடைவதாலும் எண் கொஞ்சம் ஏறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு மடங்காகி இருந்தால் வேறு விளக்கமே தேவையில்லை. சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட்டில் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) இந்தச் சோதனைகளைச் செய்து தருவார்கள்.


சேதராப்பட்டு_120டன்

ரொம்ப நன்றி சார். ஓவன் முறையில 50 ஷாட் அடிச்சுப் பார்த்தேன். பிரஷர் 73 கேட்டது. மாட்டினதுல 35க்கு 2 உடைஞ்சது. முன்னைக்குப் பரவால்ல, ஆனா சுத்தமா நிக்கல. இன்னொண்ணு, டீஹியூமிடிஃபையர் இப்ப வாங்க முடியாது. 25 கிலோ ஹாப்பரை 120ல 4 மணி நேரம் வச்சா ஓட்ட முடியுமா? பேரல்ல மெட்டீரியல் நின்னு வேகுதோன்னும் ஒரு யோசனை.


வில்லியனூர்_ஷாப்ஃப்ளோர்

ஹாப்பர் கணக்கைப் பாருங்க. 32 செகண்டுக்கு 62 கிராம்னா மணிக்கு 7 கிலோ. 4 மணி நேரம் காயணும்னா ஹாப்பருக்குள்ள எப்பவும் 28 கிலோ இருக்கணும். உங்களுது 25 கிலோ, அதுவும் பசங்க பாதி இறங்கின பிறகுதான் கொட்டுவாங்க. அப்ப நிஜத்துல குருணை உள்ள இருக்கறது 2 மணி நேரம்கூட இல்ல. 50 கிலோ ஹாப்பர் போடுங்க, இல்லன்னா ஓவன்ல முதல்நாளே காயவச்சு, ஹாப்பரை 100, 110ல சூடு தணியாம காக்கற வேலைக்கு மட்டும் வச்சுக்குங்க. பாதிக்குக் கீழ இறங்க விடாம அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா கொட்டச் சொல்லுங்க. மூடி இல்லாத ஹாப்பர்ல காஞ்ச பிபிடி பத்து நிமிஷத்துலயே ஈரம் இழுக்க ஆரம்பிக்கும்.

120 வைக்கறதுக்கு முன்னாடி டிரையர் பிளோயரும் ஹோஸ் பைப்பும் அந்தச் சூடு தாங்குமான்னு பாருங்க. 80க்கே ஓடிப் பழகின சில டிரையர்ல ஹோஸ் இளகித் தொங்கிடும். ஃபில்டரையும் கழட்டித் தட்டுங்க. அது அடைச்சிருந்தா மீட்டர் 120 காட்டும், ஹாப்பர் நடுவுல 90கூட இருக்காது. ஒரு நீளமான தெர்மோகப்பிளை நடு உயரத்துல செருகிப் பாருங்க, பேனல்ல காட்டற நம்பரை நம்பாதீங்க.

மழை தீர்ற வரைக்கும் ஓவனும் ஹாட் ஏரும் வச்சு சமாளிக்கலாம். ஆனா வருஷா வருஷம் இந்த பீஸ் ஓடப் போகுதுன்னா டீஹியூமிடிஃபையர் இல்லாம நவம்பர்ல ஓட்டறது சூதாட்டம்தான்.

பேரல்ல வேகுதான்னு கேட்டீங்க. 250 கிராம் கெப்பாசிட்டிக்கு ஸ்க்ரூல நிக்கற மொத்த மெட்டீரியல் அதுல ஒண்ணரை, ரெண்டு மடங்குன்னு வைங்க. 500 கிராம்னாலும் 8 ஷாட், நாலே கால் நிமிஷம். 10 நிமிஷத்துக்குள்ள இருந்தா பிபிடிக்கு ஆபத்தில்ல. ஆனா சாப்பாட்டு நேரத்துக்கு மெஷினை 260லயே விட்டுட்டுப் போறீங்கன்னா, வந்த உடனே பேரலைக் காலி பண்ணிட்டுத்தான் ஷாட் அடிக்கணும். அந்த முதல் 10 ஷாட்டுதான் பல இடத்துல நல்ல பீஸோட கலந்து போய் கஸ்டமர் கையில உடையுது. பேக் பிரஷரும் (ஸ்க்ரூ பின்வாங்கும்போது தர்ற எதிர் அழுத்தம்) குறைச்சே வைங்க, அதிகமானா நார் நொறுங்கும்.


தட்டாஞ்சாவடி_டூல்ரூம்

35க்கு 2 ஏன் உடையுதுங்கறதுக்கு டையைத்தான் பார்க்கணும். இதை யாருமே தொடல.

லாக்கோட வேர்ல வர்ற இழுவையை (வளையும்போது எத்தனை சதவீதம் நீளுதுன்னு) கணக்குப் போடுங்க. தடிமன் ஒரே சீரா இருக்கற லாக்குக்கு: வளையற அளவு பெருக்கல் தடிமன், அதை 0.67 பெருக்கல் நீளத்தோட வர்க்கத்தால வகுக்கணும். 0.8 பெருக்கல் 1.2, கீழ 0.67 பெருக்கல் 81. வர்றது 1.77%.

30% கிளாஸ் பிபிடி முறியறதே சுமார் 2.5% நீட்டத்துல. ஒரு தடவை மாட்டற லாக்குக்கே அதுல பாதிக்குப் பக்கத்துல, 1.2ல இருந்து 1.5% வரைக்கும்தான் குடுக்கலாம். நைலான்ல இதே லாக் ஏன் நின்னுதுன்னா, நைலான் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சி இளகும், முறியற நீட்டம் ஏறும். உங்க கஸ்டமர் எந்த ஊதலைப் பத்தி புகார் சொன்னாரோ அதுதான் லாக்கையும் காப்பாத்திட்டு இருந்தது. பிபிடி நிறைஞ்சாலும் அரை சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்காது. அளவு மாறாது, அதே காரணத்தால இளகவும் இளகாது. பிபிடி நைலானுக்குக் குறைச்சல் கிடையாது, நைலான் டையில பிபிடியைக் கொட்டினதுதான் தப்பு.

வழி: லாக்கை வேர்ல 1.2, நுனியில 0.6ன்னு சரிவா மாத்துங்க. அப்ப சூத்திரத்துல 0.67க்குப் பதிலா 1.09 வரும். இழுவை 1.09%க்கு இறங்கிடும். நிம்மதியா மாட்டும்.

இதுக்கு ஸ்டீல் சேர்க்கணும், அதனால கேவிட்டியை நேரா அரைச்சு முடிக்க முடியாது. லாக்குக்குப் பின்னால நிக்கற பிளேடு இன்சர்ட்டை (கழட்டி மாத்தக்கூடிய ஸ்டீல் துண்டு) மட்டும் புதுசா சரிவோட வெட்டி மாத்தினா போதும், நாலு கேவிட்டிக்கு நாலு இன்சர்ட். அதுக்கு நேரம் ஆகும்னா இன்னைக்கே பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு: லாக்கோட வேர் மூலையை விரல்ல தடவிப் பாருங்க. கூர்மையா நகத்துல மாட்டுதுன்னா அங்கதான் விரிசல் பிறக்குது. அந்த மூலைக்கு எதிரா இருக்கற ஸ்டீல் விளிம்பை 0.6 ரேடியஸ் போட்டு மழுக்கிடுங்க. பீஸ்ல மூலை நிரம்பணும்னா ஸ்டீல்ல விளிம்பு குறையணும், அதனால வெல்டிங் தேவையில்ல, அரைச்சாலே போதும். ரேடியஸை 0.6க்கு மேல கொண்டு போகாதீங்க, வேர் தடிச்சு சிங்க் மார்க் (மேல பள்ளம்) விழும்.

கேட் (பிளாஸ்டிக் பீஸுக்குள்ள நுழையிற வாய்) எங்க இருக்குன்னும் எழுதலை. லாக் வேர்ல வெல்டு லைன் (ரெண்டு ஓட்டம் சந்திக்கற கோடு) விழுந்தா அங்க நார் குறுக்கே நிக்கும், வலு பாதிகூட இருக்காது. உடைஞ்ச நாலு பீஸை எடுத்து, எந்த கேவிட்டி நம்பர்னு பாருங்க. எல்லாம் ஒரே நம்பர்னா அந்த கேவிட்டியில ஏதோ தனிக் குறை, கலந்து வந்தா எல்லாத்துக்கும் பொதுவான காரணம், முதல்ல மூலையைப் பாருங்க.


கடலூர்_பாலிமர்

டை சூட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 40 டிகிரி குறைவு. 80க்குக் கொண்டுபோங்கள், ஹீட்டர் உள்ள டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்று போதும். 40இல் மேல்தோல் படிகமாகாமலே உறைந்துவிடும், பீஸ் பிறகு பேனல் சூட்டில் மெல்லச் சுருங்கும். டெர்மினல் குழியின் அளவுக்காகவே பிபிடிக்கு மாறிய நீங்கள் அதே இடத்தில் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று: கிளாஸ் கிரேட் ஓட்டத் திசையில் 0.3% அளவும் குறுக்கே 1% அளவும் சுருங்கும். தட்டையான முகம் வளைந்தால் அதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான், குளிர்விக்கும் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. சூடு ஏற்றினால் மொத்தச் சுருக்கமும் கொஞ்சம் கூடும், ஆகவே 80இல் அடித்த பீஸை ஒருநாள் வைத்துவிட்டு அளவெடுங்கள்.

பயன்படும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ஹவுசிங் பேனலுக்குள், 50, 60 டிகிரியில்தான் இருக்கும். அங்கே பிபிடிக்கு ஆயுள் பிரச்சினை இல்லை. கடற்கரை உப்புக் காற்றும் இதை ஒன்றும் செய்யாது, அது தின்பது உள்ளே இருக்கும் பித்தளையை. ஆனால் இதே பொருளைக் கொண்டு கீசர் பக்கமோ, சுடுதண்ணீர் ஓடும் இடத்திலோ, காஸ்டிக் கழுவும் இடத்திலோ பாகம் செய்ய யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். பேரலுக்குள் சில நிமிடத்தில் நடப்பதுதான் அங்கே மாதக்கணக்கில் நடக்கும். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்துக்கு ஹைட்ராலிசிஸ் (தண்ணீரால் சங்கிலி வெட்டுப்படுவது) தாங்கும் தனிக் கிரேட் இருக்கிறது, 85 டிகிரி 85% ஈரப்பதத்தில் 1000 மணி நேரச் சோதனை அறிக்கையோடு கேட்டு வாங்க வேண்டும்.


சேதராப்பட்டு_120டன்

கேவிட்டி நம்பர் பார்த்தேன், 1, 3, 4 கலந்து வந்திருக்கு. மூலை நகத்துல மாட்டுது. நாளைக்கு டையை இறக்கி ரேடியஸ் போடறோம். இன்சர்ட்டுக்கு டிராயிங் குடுத்தாச்சு.

கடைசியா ஒண்ணு. நவம்பர்ல அரைச்ச ரன்னரும் உடைஞ்ச பீஸும் மூணு மூட்டை கிடக்கு. நல்லா 120ல காயவச்சு 10% கலந்தா பரவாயில்லையா?


வில்லியனூர்_ஷாப்ஃப்ளோர்

வேணாம். காயவச்சா தண்ணிதான் போகும், அறுந்த சங்கிலி ஒட்டாது. அதை நல்ல மெட்டீரியல்ல கலந்தா அதுல இருக்கற அமிலம் நல்லதையும் சேர்த்து அறுக்கும். இனிமே வர்ற ரன்னரை, காஞ்ச மெட்டீரியல்ல அடிச்சதை மட்டும், அன்னன்னைக்கே அரைச்சு 20%க்குள்ள கலந்துக்குங்க. அரைச்ச தூள் குருணையை விட வேகமா ஈரம் இழுக்கும், அதனால அதையும் சேர்த்தே காயவைங்க, தூசியை சல்லடையில தள்ளிட்டு.

அந்த மூணு மூட்டையை லாக், ஸ்க்ரூ, அழுத்தம் எதுவும் வராத பீஸுக்கு வேணா ஓட்டுங்க. ஸ்பேசர், டேக் மாதிரி. இல்லன்னா ஸ்கிராப்புக்குப் போடுங்க. எதுவானாலும் இன்னைக்கே மூட்டைமேல பெயின்ட்டால பெருசா எழுதி வைங்க. கறுப்புக் குருணையில நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிதான் இருக்கும், நைட் ஷிஃப்ட்காரருக்குத் தெரியாது.


தட்டாஞ்சாவடி_டூல்ரூம்

ரேடியஸ் போட்ட உடனே பாலிஷையும் இழுக்கற திசையிலயே பிடிங்க. குறுக்கே கோடு விட்டா அதுவே அடுத்த விரிசலுக்கு விதை.

புது பீஸைச் சோதிக்கும்போது அடிச்ச சூட்டோட மாட்டிப் பார்க்காதீங்க, அப்ப எல்லாமே வளையும். ஒரு ராத்திரி ஆறவிட்டு, காலையில ஒவ்வொரு கேவிட்டியிலயும் 25 எடுத்து மாட்டிக் கழட்டிப் பாருங்க.